கால் புண்ணும் டிபன் கேரியரும்

உலக நீரிழிவு நாளை ஒட்டி, மாவட்ட மைய நூலக அரங்கில் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நவம்பர் 14 என்றால் நமக்கு நேரு பிறந்த நாள். பிரெடெரிக் பான்டிங் பிறந்ததும் அதே தேதியில்தான், 1891இல். இன்சுலினைக் கண்டெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அதனால்தான் உலகம் முழுக்க இந்த நாளை நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள். இன்சுலின் வந்த கதையைப் பலரும் பேசிவிட்டார்கள். அது வருவதற்கு முன் என்ன வைத்தியம் நடந்தது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் பேச வந்த விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

நியூயார்க்கில் பிரெடெரிக் ஆலன் என்றொரு மருத்துவர் இருந்தார். அவருடைய வைத்தியத்துக்குப் பெயரே பட்டினி வைத்தியம். சாப்பிட்டால்தானே ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது? சாப்பாட்டைக் குறை, இன்னும் குறை, சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை குறை. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள், அவரிடம் மூன்று ஆண்டு இப்படிக் காலம் தள்ளினாள். 1922 ஆகஸ்டில் டொரன்டோவில் பான்டிங் முன் போய் நின்றபோது அவளுக்கு 15 வயது ஆகப்போகிறது, உயரம் 5 அடி, எடை 20 கிலோ. இன்சுலின் போட்ட பிறகு தேறி, படித்து, மணமாகி, பிள்ளை பெற்று 1981 வரை வாழ்ந்தாள்.

ஆலனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் வேறு மருந்து இல்லை. எனக்கு வருத்தமெல்லாம் வேறு. இன்சுலின் வந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் சர்க்கரை நோயில் காலில் புண் வந்து படுத்துவிட்டவருக்கு நம் வீடுகளில் நடப்பது இன்றும் முக்கால்வாசி அதே பட்டினி வைத்தியம்தான். வீட்டார் அன்பால்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை.

வார்டில் டிரெஸ்ஸிங் முடித்த கையோடு கட்டிலடியில் இருக்கும் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். நர்ஸம்மாக்கள் சிரிப்பார்கள். அடிக்கடி நான் பார்க்கும் ஒரு கேரியரைச் சொல்கிறேன். ஆள் 60 கிலோ. வலது கால் பெருவிரலடியில் ஆழமான புண், சீழ் எடுத்தாகிவிட்டது. காலையில் மூன்று இட்லி, கொத்தமல்லிச் சட்னி. மதியம் குழைய வடித்த சோறும் ரசமும், ஓரத்தில் ஒரு கரண்டி பீன்ஸ் பொரியல். சாயங்காலம் சர்க்கரை போடாத டீ, நான்கு பிஸ்கட். ராத்திரி கோதுமை ரவைக் கஞ்சி. அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இட்லியில் சுமாராக 2 கிராம் புரதம். எல்லாவற்றையும் கூட்டினால் 25 கிராமைத் தாண்டாது. அவருக்கு வேண்டியது 75 கிராம். கலோரியும் பாதிதான் வருகிறது.

“ஏம்மா இவ்வளவு கொஞ்சமா?” என்று கேட்டால் அவர் மனைவி சொல்வார்: “எதைக் குடுத்தாலும் சுகர் ஏறுதுங்க டாக்டர். அதான் பாதியாக் கொறச்சுட்டேன். முட்டை வைக்கலாம்னு பாத்தேன், சீழ் புடிக்கும்னு மாமியார் வேண்டாம்னுட்டாங்க.” சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் அந்த மூன்று இட்லி இல்லை. காலில் இருக்கும் கிருமி. உடம்பில் தொற்று இருக்கும்போது இன்சுலினுக்கு எதிரான சுரப்புகள் கூடுகின்றன. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கான கச்சாப் பொருளைத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அந்த அம்மா சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்கக் கணவரின் தொடைதான் மெலியும். சர்க்கரை மீட்டரில் எண் அப்படியேதான் நிற்கும்.

புண் ஆறுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? முதலில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. பிறகு வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்று துப்புரவு செய்கின்றன. அதன் மேல் சிவந்த சிறுமணிகளாகப் புதுச் சதை முளைக்கிறது, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது. கடைசியாக மாதக்கணக்கில் தழும்பு இறுகுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக நிற்கும்போது இரண்டாவது கட்டத்திலேயே வண்டி நின்றுவிடும். வெள்ளையணுக்கள் வர வேண்டிய இடத்துக்கு மெதுவாக வரும், வந்தாலும் கிருமியைக் கொல்லும் திறன் குறைந்திருக்கும். புண்ணோ நீர் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டு நனைந்து, பஞ்சு நனைந்து, படுக்கை விரிப்பில் மஞ்சள் கறை படிகிறதே, அந்த நீரோடு புரதமும் போகிறது. படுத்தே இருப்பதால் தசை கரைகிறது. ஆன்டிபயாடிக்கால் வாய் கசக்கிறது, மெட்ரோனிடசோல் போட்டவர்களுக்குத் தகரத்தை நக்கியது போல இருக்கும். இத்தனை பக்கமும் செலவு நடக்கும்போது வரவை மட்டும் பாதியாகக் குறைத்தால் எப்படி?

உணவு குறைந்தால் காயம் ஆறாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இரண்டு சாட்சிகள் உண்டு. ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி 1740இலிருந்து 1744 வரை கப்பலில் உலகைச் சுற்றினார். மாதக்கணக்கில் காய்கறி, பழம் கண்ணில் படவில்லை. மாலுமிகள் வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி வெளிவந்த நூலில், 50 ஆண்டுக்கு முன் அயர்லாந்துப் போரில் பட்டு ஆறிப்போயிருந்த காயம் கப்பலில் இருந்த முதிய படைவீரர் ஒருவருக்கு மறுபடி திறந்துகொண்டதாக எழுதியிருக்கிறார்கள். தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் அல்ல. உடம்பு அதை அன்றாடம் சிறிது கரைத்துச் சிறிது நெய்துகொண்டே இருக்கிறது. நூல் நின்றால் பிரிந்துவிடும்.

இரண்டாவது சாட்சி ஜான் கிராண்டன். பாஸ்டன் நகரத்து இளம் அறுவை மருத்துவர். 1939இல் தன் உடம்பிலேயே சோதனை செய்தார். ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, பீர் என்று சாப்பிட்டார். காய், பழம் கிடையாது. வைட்டமின் சி தவிர மற்ற வைட்டமின்களை மாத்திரையாக எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ஆனதும் தன் முதுகில் கத்தியால் கீறித் தைக்கச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் சி அநேகமாகத் தீர்ந்துவிட்டிருந்த நேரம் அது. ஆனாலும் காயம் ஒழுங்காக ஆறிவிட்டது. ஆறு மாதத்தில் மறுபடி கீறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேல்தோல் மட்டும் ஒட்டியிருக்கிறது, அடியில் ஆறவே இல்லை. ஊசி வழியாக வைட்டமின் சி கொடுத்தார்கள். அடுத்த பத்து நாளில் ஆறிவிட்டது.

கொலாஜன் என்ற புரதம் முப்புரிக் கயிறு மாதிரி. மூன்று இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பிடித்து நிற்க வைட்டமின் சி வேண்டும், இரும்பும் வேண்டும். இல்லாவிட்டால் கயிறு திரியாகப் பிரிந்து நிற்கும், பலம் இருக்காது. கிராண்டன் விஷயத்தில் எல்லோரும் ஆறு மாதக் காயத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மூன்று மாதக் காயம்தான் முக்கியம். வைட்டமின் குறைந்ததுமே காயம் ஆறுவது நின்றுவிடவில்லை. அடியோடு இல்லாமல் போனபோதுதான் நின்றது. ஆகவே குறை இருப்பவருக்குக் கொடுத்தால் பலன் உண்டு. நிறைவாக இருப்பவருக்கு மேலே மேலே கொட்டினால் புண் வேகமாக மூடும் என்று நினைக்க இதில் இடமே இல்லை.

இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் மருந்துக்கடையில் டப்பா விற்கிறார்கள். அர்ஜினைன், குளுட்டமைன், துத்தநாகம், ஒமேகா-3, கொலாஜன் பவுடர் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சில டப்பாக்களின் விலையில் ஒரு குடும்பம் ஒரு மாதம் முட்டை வாங்கலாம். அர்ஜினைன், குளுட்டமைன் அடங்கிய பானத்தை 270 நீரிழிவுக் கால் புண் நோயாளிகளிடம் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடமும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களிடமும் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. நீரிழிவுப் பாதத்துக்கென்று இருக்கும் பன்னாட்டு வல்லுநர் குழு, புண்ணை ஆற்றுவதற்காக என்று இப்படிப்பட்ட சத்துப் பொருள்களைக் கொடுக்க வேண்டாம் என்றே தன் வழிகாட்டியில் சொல்கிறது. அது சாப்பிட வேண்டாம் என்று சொல்வதாக ஆகாது. டப்பாவை வைத்தியம் என்று நம்பாதே என்கிறது, அவ்வளவே. துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் முழுங்குவதில் இன்னொரு வம்பு இருக்கிறது. அது குடலில் தாமிரத்தை ஏறவிடாமல் தடுக்கும். ரத்தசோகை வரும், நரம்பும் கெடும். ஏற்கெனவே நரம்பு கெட்டவருக்கு இது தேவையா?

அல்புமின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் அல்புமின் 2.4 என்று பார்த்துவிட்டு, “ஆயிரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை, அல்புமின் பாட்டில் ஏத்திடுங்க டாக்டர்” என்று உறவினர்கள் வந்து நிற்பார்கள். தொற்றும் அழற்சியும் இருக்கும்போது அல்புமின் தானாகவே இறங்கும். சீழ் வடிந்து காய்ச்சல் விட்டால் அதுவும் மெல்ல ஏறும். சிரை வழியாக ஏற்றும் அல்புமின் சாப்பாட்டுக்கு ஈடாகாது. ஒருவர் சத்துக்குறைவாக இருக்கிறாரா என்று தெரிய நான் வேறு சிலவற்றைக் கேட்பேன். பெல்ட்டில் எத்தனை ஓட்டை உள்ளே போயிருக்கிறது? மோதிரம் கழல்கிறதா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? எடையை மட்டும் நம்ப முடியாது, காலில் நீர் கோத்திருந்தால் எடை ஏமாற்றும். தொப்பை இருக்கிறதே, சத்து எப்படிக் குறையும் என்றும் கேட்பார்கள். தொப்பையும் இருக்கும், தொடையில் தசையும் இருக்காது. நம் ஊரில் இது சர்வசாதாரணம்.

ஏன் சாதாரணம்? ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல். அதே ஆய்வுக் குழு உணவையும் அளந்து பார்த்தது. நமக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவிகிதம்தான். நல்லபடியாக இருக்கும்போதே இந்தக் கதி. ரேஷன் கடையில் மாதம் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில் 220 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளைக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம்கூட வரவில்லை. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று மருமகளைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, எவ்வளவு வேண்டும்? நல்ல உடம்புக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். படுக்கைப் புண்ணுக்கான வழிகாட்டிகள் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்றும், 30 முதல் 35 கலோரி என்றும் சொல்கின்றன. கால் புண்ணுக்கும் நாங்கள் அதையே கையாள்கிறோம். அந்த 60 கிலோ ஆளுக்கு மாற்றிக் கொடுத்த சாப்பாட்டைச் சொல்கிறேன். காலையில் இட்லி இரண்டாகிவிட்டது, கூட இரண்டு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சோறு ஒரு கப், கெட்டிப் பருப்பு, நூறு கிராம் மீன், மத்தியோ நெத்திலியோ எது மலிவோ அது. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கை வேகவைத்த நிலக்கடலை, ஒரு தம்ளர் பால். ராத்திரி இரண்டு சப்பாத்தி, பாசிப்பயறு கூட்டு. 75 கிராம் தாண்டிவிட்டது. பவுடர் டப்பா எதுவும் வாங்கவில்லை. மீனும் முட்டையும் தொடாத வீடென்றால் தயிர், சோயா உருண்டை, பனீர் என்று போகலாம். வைட்டமின் சி? நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டியதே 80. பாதிக் கொய்யா போதும், அதற்கு மாத்திரை எதற்கு?

பசி இல்லை, வாய் கசக்கிறது என்பவரிடம் மூன்று வேளை முழு இலையைப் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். ஆறு வேளையாகப் பிரியுங்கள். தட்டில் முதலில் முட்டையோ மீனோ உள்ளே போகட்டும், சோறு பிறகு. சத்துமாவுக் கஞ்சி கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெயரில்தான் சத்து, பெரும்பகுதி தானிய மாவு, நீர்க்கக் காய்ச்சினால் சர்க்கரையைத் தூக்கிவிடும். மால்ட் பானங்களும் அப்படியே.

இனி அந்த மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். புண் இருக்கும்போது கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூடாது என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் உண்டு. கரப்பான் பண்டம் என்பார்கள். இதில் பெரியவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை, பேரம் பேசுவேன். கத்தரிக்காயை விட்டுவிடுங்கள், நூறு கிராமில் ஒன்றரை கிராம் புரதம்தான், நஷ்டமில்லை. கருவாட்டில் உப்பு அதிகம், அதையும் விடுங்கள். ஆனால் முட்டையையும் மீனையும் பருப்பையும் எனக்கு விட்டுக்கொடுங்கள். சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையால் சீழ் வந்து நான் பார்த்ததில்லை. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை கிடைக்கிறது. தாத்தாவுக்குக் கட்டிலில் ரஸ்க் கிடைக்கிறது. கணக்குப்படி பார்த்தால் இரண்டு பேருக்கும் முட்டை வேண்டும்.

இவ்வளவு சாப்பிட்டால் சர்க்கரை? அதற்குத்தான் இன்சுலின். புண் ஆறும்வரை பெரும்பாலோருக்கு ஊசி தேவைப்படும். இன்சுலினை நாம் சர்க்கரை குறைக்கும் மருந்தாக மட்டும் பார்க்கிறோம். சாப்பிட்ட புரதத்தைச் சதைக்குள் கொண்டு சேர்ப்பதும் அதன் வேலைதான். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டுமே என்ற பயம் வேண்டாம். தொற்று அடங்கியதும் தேவை குறையும், பலர் மாத்திரைக்கே திரும்புகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். சீழை எடுத்த சில நாளிலேயே இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் குறைத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி ஆள் மயங்கிக் கிடப்பார். அதனால் சாப்பாடு மாறினாலும், காய்ச்சல் விட்டாலும் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும்.

கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிறுநீரகத்துக்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், புண்ணுக்காக நான் கூட்டச் சொல்வேன். இழுபறிதான். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். டயாலிசிஸுக்கு வராதவர்களுக்குச் சிறுநீரக மருத்துவரும் நாங்களும் பேசி ஓர் அளவு வைப்போம். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இவ்வளவு நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, இப்போது அதன் இடம் எது என்று சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். ரத்தம் போகாத விரலுக்கு எந்தப் புரதமும் போகாது. ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும். சீழ் இருந்தால் எடுக்க வேண்டும். உள்ளங்காலில் புண் இருந்தால் அதன்மேல் உடம்புப் பாரம் விழாமல் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் நடக்காத காலில் முட்டையும் மீனும் தோற்றுப்போகும். 

பாரம் விஷயத்தில் உலகம் நம்மிடமிருந்து கற்றது நிறைய. 1930களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டு, உணர்ச்சியற்ற பாதத்தைப் பல ஆண்டு ஆராய்ந்தார். தொழுநோயாளியின் சதை கெட்டுப்போனது, அதனால் ஆறாது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அவர் கண்டது வேறு. சதை நல்ல சதைதான். வலி தெரியாததால் மனிதர் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். மாவுக்கட்டு போட்டு நடையின் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டால் ஆறிவிடுகிறது. 1966இல் அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அந்த வழிமுறை அங்கிருந்து நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்குப் பரவியது. உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் அதை மிஞ்சிய வைத்தியம் இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வரிசை இது: ரத்தம் ஓடுகிறதா, சீழ் போய்விட்டதா, பாரம் இறங்கிவிட்டதா. அதன் பிறகு கேரியரைத் திறந்து பாருங்கள்.

அவையிலிருந்து இரண்டு கேள்விச் சீட்டு வந்திருக்கிறது. முதல் சீட்டு: “புண் ஆறிய பிறகும் இப்படியே சாப்பிட வேண்டுமா?” தோல் மூடிவிட்டாலும் உள்ளே தழும்பு இறுக மாதங்கள் ஆகும், பழைய தோலின் பலம் முழுசாக வரவே வராது. ஆறிய புண்களில் பத்துக்கு நான்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகின்றன. அதனால் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் தினம் ஒருமுறை பாதத்தைப் பார்ப்பதும் நிரந்தரம். சாப்பாட்டை மெல்லப் பழைய அளவுக்கு இறக்கலாம். முட்டையையும் பயறையும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சோற்றில் குறையுங்கள்.

இரண்டாவது சீட்டு: “கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடப் போகிறேன். போன வருஷம் காலில் புண் வந்து ஆறியது. போடலாமா?” இந்த மாதத்தில் இதை என்னிடம் கேட்காத ஊர் இல்லை. சைவச் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. சுண்டலும் தயிரும் பயறும் இருந்தால் 41 நாளும் புரதம் கிடைக்கும். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பிரச்சினை செருப்பில்லாமல் நடப்பது. மரத்துப்போன பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. நான் டாக்டராக வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். நேரே உங்கள் குருசாமியிடம் போய்ப் பாதத்தைத் திருப்பித் தழும்பைக் காட்டுங்கள். செருப்புப் போட்டுக்கோ சாமி என்று அவரே சொல்லுவார், நான் அனுப்பியவர்களிடம் இதுவரை எந்தக் குருசாமியும் வேறு மாதிரி சொன்னதில்லை.